வேலூர் வெயில்ல ரைசன் 7 5800எக்ஸ்: சில வருஷ அனுபவம்

கம்ப்யூட்டர் ப்ராசசர் 85 டிகிரி வருது, இது நார்மலா, கூலர் மாத்தணுமான்னு கேட்கிறவங்க நிறைய பேர், ஆனா அப்போ ரூம் எவ்ளோ சூடா இருந்துச்சுன்னு யாருமே சொல்றது இல்ல. அது தெரியாம அந்த 85-ஐ வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஜனவரி ராத்திரில 85 வந்தா எங்கயோ கோளாறு இருக்கு, தேடணும். அதே 85 கத்திரி வெயில் நேரத்துல சாயங்காலம் ஏழு மணிக்கு வந்தா கூலர் அருமையா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

என்கிட்ட இருக்கிறது ஏஎம்டி ரைசன் 7 5800எக்ஸ்ங்கிற எட்டு கோர் ப்ராசசர், 120 மிமீ ஃபேன் ஒண்ணு போட்ட நாலு ஹீட் பைப் டவர் கூலர், முன்னாடி மெஷ் வச்ச கேபினட். வேலை வீடியோ எடிட்டிங், அதனால ரெண்டர் (எடிட் பண்ண வீடியோவை கடைசி ஃபைலா மாத்துறது) போட்டா மணிக்கணக்கா எட்டு கோரும் ஃபுல்லா ஓடும். ரூம் மொட்டை மாடிக்கு நேர் கீழ. வேலூர் தெரிஞ்சவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேணாம், மே மாசம் 40 தாண்டுறதெல்லாம் இங்க செய்தியே கிடையாது.

இந்த சிப்பை பத்தி ஒரு விஷயம் சொல்லிடணும். டிடிபி, அதாவது கூலர் சமாளிக்க வேண்டிய சூடுன்னு கம்பெனி சொல்ற அளவு, 105 வாட்னு போட்டிருந்தாலும் சாக்கெட் பவர் லிமிட் (ப்ராசசர் இழுக்கக் கூடிய அதிகபட்ச கரண்ட்) 142 வாட், என் ரெண்டர்ல நிஜமா இழுக்கிறது 120 வாட் பக்கம். அந்த சூட்டுல பெரும்பகுதி கிட்டத்தட்ட 80 சதுர மில்லிமீட்டர்தான் இருக்கிற ஒரே ஒரு சிப்லெட்ல (எட்டு கோரும் இருக்கிற சின்ன சிலிக்கான் துண்டு) இருந்து வெளிய வரணும். அதனால எவ்ளோ பெரிய கூலர் போட்டாலும் இது கொஞ்சம் சூடாத்தான் ஓடும், அதோட மேக்ஸிமம் லிமிட் 90 டிகிரி, இதே குடும்பத்துல 5600எக்ஸுக்கு 95.

நான் ஃபேன் உள்ள இழுக்கிற இடத்துக்குப் பக்கத்துல ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வச்சிருக்கேன், கடையில சில நூறு ரூபாய்க்கு கிடைக்கும், ஏசி டிஸ்ப்ளேல காட்டுறத நம்பாதீங்க, அது நீங்க செட் பண்ண நம்பர், உங்க கேபினட் நிக்கிற மூலையோட சூடு இல்ல. எல்லா கோரையும் ஃபுல்லா ஓட்டி ஸ்கோர் கொடுக்கிற சினிபெஞ்ச் ஆர்23 ப்ரோக்ராம்ல பத்து நிமிஷ டெஸ்ட் ஓட விட்டு, சென்சார் காட்டுற எச்டபிள்யூ இன்ஃபோ ப்ரோக்ராம்ல வர்ற டெம்பரேச்சர்ல இருந்து தெர்மாமீட்டர் நம்பரை கழிச்சுப் பார்ப்பேன். என் மெஷினுக்கு அந்த வித்தியாசம் 57 பக்கம் வரும். ஜனவரி ராத்திரி ரூம் 23, ப்ராசசர் 80. மார்ச்ல ரூம் 29, ப்ராசசர் 86. ரூம் எவ்ளோ ஏறுதோ கிட்டத்தட்ட அவ்ளோவே ப்ராசசரும் ஏறும், ஏன்னா ஹீட்சிங்க் (கூலரோட உலோகத் தகடுகள்) சூட்டை காத்துக்குத்தான் கொடுக்குது, காத்து எவ்ளோ சூடோ அதுக்கு மேலதான் எல்லாமே ஆரம்பிக்கும், ஃபேன் வச்ச ப்ராசசர் கூலரால ரூமை விட கீழ போகவே முடியாது.

இப்ப மே மாசம். சாயங்காலம் ரூம் 37. கணக்குப்படி 94 வரணும், ஆனா ஸ்க்ரீன்ல 90ல நின்னுடும். இதைப் பார்த்துட்டு பரவால்ல தாங்குதுன்னு நினைக்கக் கூடாது, சிப் தன்னோட லிமிட்டை தொட்டுட்டு க்ளாக்கை (ஓடுற வேகத்தை) குறைச்சுக்குது, அவ்ளோதான். குளிர் காலத்துல எல்லா கோரும் 4.5 கிகாஹெர்ட்ஸ்க்கு கொஞ்சம் மேல ஓடின அதே ரெண்டர் மே மாசத்துல ஒரு நூறு மெகாஹெர்ட்ஸ் கீழ ஓடும். வேகத்துல பெரிய இழப்பு இல்ல, உண்மையைச் சொல்லணும்ல, ரெண்டர் டைம்ல சில நிமிஷம் கூடும், அவ்ளோதான். ஆனா ஃபேன் முழு வேகத்துல அலறும் பாருங்க, அந்த சத்தத்துல வாய்ஸ் ரெக்கார்டிங் பண்றது நடக்காத காரியம், எனக்கு வெயில் காலத்தோட நிஜமான செலவு அதுதான்.

எங்க ரூம்ல இன்னொண்ணு கவனிச்சேன், வெளியில வெயில் உச்சத்துல இருக்கிற ரெண்டு மணிக்கு ரூம் உச்சத்துல இருக்காது. கான்கிரீட் பகல் முழுக்க வெயிலை உள்ள வாங்கி வச்சுட்டு சாயங்காலம் ஆறுல இருந்து ராத்திரி பத்து வரைக்கும் ரூமுக்குள்ள இறக்கும், தெருவுல நல்லா காத்து வரும்போது உள்ள வேகும். அதனால மேல் மாடியில இருக்கிறவங்க பெரிய ரெண்டரை ராத்திரி எட்டு மணிக்கு போடாதீங்க, விடியக்காலம் நாலு மணிக்கு ஓடுற மாதிரி வைங்க. மேல மாடிக்கு வெள்ளை கூலிங் பெயிண்ட் அடிச்ச வருஷம் சாயங்கால ரூம் டெம்பரேச்சர் மூணு டிகிரி மாதிரி குறைஞ்சது, ப்ராசசர் கணக்கும் அதே மூணு டிகிரி குறைஞ்சு க்ளாக் குறையறதும் கம்மியாச்சு, வீட்ல இருக்கிற எல்லாருக்கும் தூக்கமும் வந்துச்சு. கூலருக்கு செலவு பண்றதுக்கு முன்னாடி கூரைக்கு செலவு பண்ணுங்கன்னு நான் நிஜமாவே சொல்வேன்.

சீலிங் ஃபேன் நமக்கு சுகமா இருக்கிறதுக்கு காரணம் வேர்வை, ப்ராசசருக்கு வேர்க்காது, அதனால ஃபேன் போட்டா அதுக்கு நேரடியா எந்த லாபமும் இல்ல. டேபிளுக்கு அடியில தேங்கி நிக்கிற சூடான காத்தை கலைச்சு விடும், அது ஒரு சின்ன உதவி. தண்ணி ஊத்துற ஏர் கூலர் நம்ம ஊர் வறண்ட மே மாசத்துல ரூமை நிஜமாவே நாலஞ்சு டிகிரி இறக்கும், ஜன்னல் திறந்து இருந்தா. ஈரக் காத்து ஹீட்சிங்க்ல தண்ணியா படியுமோன்னு பயப்பட வேணாம், சுத்தி இருக்கிற காத்தை விட சூடா இருக்கிற பொருள் மேல தண்ணி கோக்காது. ஆனா அதை நேரா கேபினட் பார்த்து திருப்பி வைக்காதீங்க, எங்க ஏரியா போர் தண்ணி உப்பு, சாரல் பட்டா வெள்ளையா படியும். சென்னை மாதிரி கடலோர ஊர்ல ஏற்கனவே காத்துல ஈரம் அதிகம், அங்க இது அவ்ளோ இறக்காது, புழுக்கம்தான் மிச்சம்.

ஒரு தடவை சர்வீஸ் கடையில மே மாசம் 90 வருதுன்னு பார்த்துட்டு தெர்மல் பேஸ்ட் (சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல தடவுற பசை) காஞ்சுபோச்சு, மாத்தணும், முடிஞ்சா லிக்விட் கூலரே போட்டுடலாம்னு சொன்னாங்க. நான் வீட்டுக்கு வந்து விடியக்காலம் ரூம் 29ல டெஸ்ட் போட்டேன், வித்தியாசம் அதே 57. அப்போ பேஸ்ட்ல ஒண்ணும் இல்ல, மாறினது ரூம் மட்டும்தான். இதுக்கு நேர் எதிரா ஒரு டிசம்பர்ல ப்ராசசர் வெறும் 87தான், கண்ணுக்கு ஒண்ணும் தப்பா தெரியல, ஆனா ரூம் 24, வித்தியாசம் 63. கழட்டிப் பார்த்தா ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவுல கம்பளி மாதிரி தூசி, ஊதி சுத்தம் பண்ணதும் பழைய 57க்கு வந்துடுச்சு. அதனால மாசத்துக்கு ஒரு தடவை இந்த வித்தியாசத்தை எழுதி வைங்க, பேஸ்ட் தேயுறதும் தூசி சேர்றதும் இதுலதான் தெரியும்.

இன்னொரு சோதனை, கேபினட் சைடு பேனலை கழட்டிட்டு அதே டெஸ்ட் ஓட்டுங்க. அஞ்சு டிகிரிக்கு மேல இறங்குச்சுன்னா கூலர் மேல தப்பு இல்ல, கேபினட்டுக்குள்ள காத்து ஓட்டம் இல்ல. 200 வாட் கிராபிக்ஸ் கார்டு உள்ள ஓடுச்சுன்னா ப்ராசசர் கூலர் இழுக்கிறது ரூம் காத்தை இல்ல, கார்டு கக்கின காத்தை. ஏஎம்டியே ரைசன் 9 3900எக்ஸுக்கு டிடிபி கணக்கு போடும்போது கூலர் ஃபேன் வாசல்ல காத்து 42 டிகிரின்னுதான் எடுத்துக்கிட்டாங்க. குளிர்ந்த ஊர்ல கேபினட் உள்ள 42 வர்றது எல்லாம் கொஞ்சம் கஷ்டம், நம்ம ரூம் 37ல இருந்தா அஞ்சு டிகிரியில அங்க போய் நிக்கும்.

லிக்விட் கூலர் பத்தி கேட்கிறாங்க. என் ஃப்ரெண்ட் அதே ஊர்ல 240 மிமீ ரேடியேட்டர் போட்ட ஏஐஓ (ரெடிமேடா வர்ற லிக்விட் கூலர்) வச்சிருக்கார், அவருக்கும் ரூம் ஏறினா அதே அளவு ஏறுது, அந்த ரேடியேட்டரும் இதே காத்துலதானே சூட்டை விடுது. வித்தியாசம் என்னன்னா தண்ணி சூடாக பத்து பதினஞ்சு நிமிஷம் ஆகும், அதனால சின்ன டெஸ்ட்ல பிரமாதமா தெரியும், ஒரு மணி நேர ரெண்டர்லதான் நிஜம் வரும்.

எனக்கு நிஜமா வேலை செஞ்சது ஈகோ மோட், அதாவது ப்ராசசர் இழுக்கிற பவரை குறைக்கிற செட்டிங். பயாஸ்ல (மதர்போர்டோட செட்டிங் மெனு) 65 வாட்டுக்கு மாத்தினா பவர் லிமிட் 88 வாட்ல நிக்கும், வித்தியாசம் 57ல இருந்து 40 பக்கம் இறங்குது, அதாவது ரூம் 37ல கூட ப்ராசசர் 77 தாண்டல, ஸ்கோர் பத்து சதவீதத்துக்கு கொஞ்சம் கம்மியாத்தான் போகுது, ஃபேன் சத்தம் காணாம போச்சு. ரூமுக்குள்ள கொட்டுற சூடும் 30 வாட்டுக்கு மேல குறையுது, கதவைச் சாத்தின சின்ன ரூம்ல அதுவும் கணக்குல வரும். ஏப்ரல்ல இருந்து ஜூலை வரைக்கும் ஈகோ, மழை ஆரம்பிச்சதும் பழையபடி.

புதுசா வாங்குறவங்க ரைசன் 7000 சீரிஸ் பார்த்தா அங்க எக்ஸ் மாடல்கள் 95 டிகிரி வரைக்கும் போய் அங்கேயே ஓடுற மாதிரிதான் செஞ்சிருக்காங்க, அதுல டெம்பரேச்சரை பார்த்து ஒண்ணும் புரியாது, க்ளாக்கையும் ஃபேன் வேகத்தையும்தான் பார்க்கணும். எக்ஸ் இல்லாத ரைசன் 7 7700 டிடிபி 65 வாட், முழு லோடுல 88 வாட்டோட நின்னுடும், ஏசி இல்லாத மேல் மாடி ரூமுக்கு நான் அடுத்து எடுக்கப் போறது அதுதான்.