வீட்டு ஈடிஎம் பவர் சப்ளை வாங்கப் போகிறீர்களா? பெட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்று பாருங்கள்

வீட்டில் சின்ன சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர் சொல்படி நகர்ந்து வெட்டும் மெஷின்) வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களைக் குறிவைத்து இப்போது ஒரு பெட்டி விற்பனைக்கு வந்திருக்கிறது. "ஈடிஎம் பவர் சப்ளை, 80 வோல்ட், ஐசொலேட்டட், ஆட்டோ ஃபீட்" என்று விளம்பரம். ஈடிஎம் என்றால் மின்பொறியால் உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும் முறை. ஐசொலேட்டட் என்றால் கரண்ட் லைனோடு நேரடித் தொடர்பு இல்லாதது. சிஎன்சி ரவுட்டரின் இசட் ஆக்ஸிஸில் (மேலும் கீழும் நகரும் பகுதி) செப்புக் கம்பியைக் கட்டி, துளைக்குள் உடைந்து சிக்கிய எம்6 டேப்பை (மரை வெட்டும் கருவி) மின்பொறியாலேயே அரித்து எடுப்பதை வீடியோவில் காட்டுகிறார்கள். 11,500 ரூபாய் அனுப்பி நானும் ஒன்று வாங்கினேன். உள்ளே இருந்தது என்ன என்பதைச் சொல்லவே இந்தப் பதிவு. விற்றவர் பெயரைப் போடவில்லை. ஒரே பெட்டி வேறு வேறு பெயர்களில் வருகிறது. ஒன்றைச் சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் என்றாகிவிடும்.

வீட்டில் ஈடிஎம் செய்வதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 1943இல் சோவியத் நாட்டில் லாசரென்கோ தம்பதி இந்த முறையை உருவாக்கியபோது பயன்படுத்தியதும் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் கொண்ட எளிய சர்க்யூட்தான். கெப்பாசிட்டர் நிரம்பும், எலக்ட்ரோடுக்கும் (பொறி விடும் கம்பி) ஜாப்புக்கும் (அரிக்கப்படும் உலோகம்) நடுவில் உள்ள மெல்லிய இடைவெளியில் பொறியாகக் கொட்டும், மறுபடி நிரம்பும். ரெசிஸ்டருக்குப் பதில் குண்டு பல்பு போட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு, நன்றாகவே ஓடும். எது எப்படி இருந்தாலும் கரண்ட் லைனுக்கும் இந்த சர்க்யூட்டுக்கும் நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தாக வேண்டும். நாம் கையால் தொடுகிற டேபிளும், ஜாப்பைப் பிடிக்கும் வைஸும், ஜாப் மூழ்கியிருக்கும் எண்ணெய்த் தொட்டியும் பொறியின் ஒரு முனை.

பெட்டி வந்ததும் மைனஸ் கிளிப்பை மெஷின் டேபிளில் மாட்டி ப்ளக்கைச் சொருகினேன். சுவிட்சைப் போட்ட மறு நொடி வீட்டு ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) விழுந்தது. தூக்கிவிட்டால் திரும்பவும் விழுகிறது. என் மெஷின் ஃப்ரேமுக்கு எர்த் கொடுத்திருக்கிறேன். சந்தேகம் அப்போதே வந்தது. விற்றவருக்குப் போன் போட்டேன்.

"அது ஒண்ணுமில்ல சார், மெஷின்ல எர்த் ஒயரைக் கழட்டி விட்டுருங்க. டிரிப் ஆகாது."

"ஏந்தம்பி, எர்த்தைக் கழட்டுனா ஷாக் அடிக்காதுங்களா?"

"ரப்பர் செருப்பு போட்டுக்குங்க சார். எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க."

இந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் ஸ்க்ரூவைக் கழற்றினேன். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. 230 வோல்ட் நேராக, ஏசியை டிசியாக்கும் ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்குப் போகிறது, அங்கிருந்து ஒரு செராமிக் ரெசிஸ்டர், அதற்குப் பிறகு கெப்பாசிட்டர். அவ்வளவுதான். பிரிட்ஜைத் தாண்டினால் உச்சத்தில் 325 வோல்ட் டிசி. முகப்பில் ஒட்டிய 80 வோல்ட் ஸ்டிக்கர் வெறும் ஸ்டிக்கர்தான். அவர் சொன்னபடி எர்த்தைக் கழற்றியிருந்தால் ஆர்சிசிபி விழாது, உண்மைதான். மெஷின் முழுவதும் மெயின்ஸோடு சேர்ந்திருக்கும், எர்த்துக்குப் போக மிச்சமிருக்கும் ஒரே வழி அதைத் தொடுகிற ஆள். லேப்டாப்பை யுஎஸ்பியில் மாட்டி ஜிஆர்பிஎல் (சிஎன்சியை நகர்த்தும் மென்பொருள்) ஓட்டுகிறவர்கள் லேப்டாப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வேலைத் தரத்துக்கு வருவோம். 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 80 வோல்ட்டுக்கு நிரம்பினால் ஒரு பொறிக்கு 32 மில்லிஜூல். அதுவே 325 வோல்ட்டுக்கு நிரம்பினால் 528 மில்லிஜூல், பதினாறு மடங்குக்கும் மேல். ஃபினிஷிங் என்ன ஆகும் என்று பட்டறைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டேப்போடு சேர்த்துத் துளையின் மரையையும் தின்றுவிடும். போதாததற்கு மலிவான எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரைப் போட்டிருந்தார்கள். பொறிக்குப் பொறி முழுதாகக் கொட்டி நிரம்புகிற வேலைக்கு ஃபிலிம் கெப்பாசிட்டர்தான் தாங்கும். எலக்ட்ரோலிட்டிக் சூடாகி உப்பும், வெடிக்கவும் செய்யும்.

ஆட்டோ ஃபீட் இன்னொரு கூத்து. எலக்ட்ரோடும் ஜாப்பும் ஒட்டிக்கொண்டால் இடைவெளியின் வோல்டேஜ் விழும். அதைப் பார்த்து இசட் மேலே ஏற வேண்டும், விலகியதும் மறுபடி இறங்க வேண்டும். ஈடிஎம்மில் பாதி வேலை இதுதான். இந்தப் பெட்டியில் ஒரு ஆர்டுயினோ நானோ (சின்ன கன்ட்ரோல் போர்டு) இருக்கிறது, வேகத்தைத் திருக ஒரு குமிழ் இருக்கிறது, வோல்டேஜைப் பார்க்க ஒரு ஒயர்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கீழே இறக்கிக்கொண்டே போகும். வீடியோவில் டேப் எப்படி வெளியே வந்தது என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

கூடவே தமிழில் ஒரு தாள் வந்தது. மண்ணெண்ணெயில் மூழ்க வைத்து ஓட்டச் சொல்கிறது. மண்ணெண்ணெய் 38 டிகிரிக்குப் பக்கத்திலேயே தீப்பிடிக்கும் ஆவியை விட ஆரம்பித்துவிடும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சூடு ஒன்றும் அதிசயமில்லை. ஈடிஎம் ஆயில் என்று தனியாக விற்பதற்குப் பெரும்பாலும் 100 டிகிரிக்கு மேல்தான் அந்த நிலை வரும். ஜாப்புக்கு மேல் எவ்வளவு எண்ணெய் நிற்க வேண்டும், மட்டம் இறங்கிப் பொறி காற்றில் அடித்தால் என்ன ஆகும் என்றெல்லாம் அந்தத் தாளில் ஒரு வரி இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "சீல் உடைச்சிட்டீங்க, வாரண்டி போச்சு" என்றார். உள்ளே எடுத்த போட்டோக்களை அனுப்பினேன். அன்றோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். 2019 நுகர்வோர் சட்டப்படி வாங்கியவர் தன் ஊரிலேயே வழக்குப் போடலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணமும் இல்லை. பில் தராமல் யுபிஐயில் மட்டும் வாங்குகிறவர் என்றால் விளம்பரப் பக்கத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் பணம் அனுப்பும் முன்பே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். என் விஷயத்தில் "ஐசொலேட்டட்" என்று போட்ட விளம்பரத்தைப் பிறகு அவர் திருத்திவிட்டார்.

வாங்கும் முன் எடையைக் கேளுங்கள். 500 விஏ இரும்புக் கோர் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதுவே நாலைந்து கிலோ தேறும். "எஸ்எம்பிஎஸ், அதனால லேசா இருக்கு" என்றால் (இரும்புக் கோர் இல்லாத ஸ்விட்சிங் பவர் சப்ளை) அதுவும் சாத்தியம்தான், ஆனால் ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மர் தெரிகிற மாதிரி உள்பக்கப் போட்டோ கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். கோவையில் எந்த வைண்டிங் கடையிலும் 230க்கு 60 வோல்ட் சுற்றித் தரச் சொன்னால் தருவார்கள். ரெக்டிஃபை செய்தால் 85 வோல்ட் சுமாருக்கு வரும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இதைச் செய்து பாருங்கள். ப்ளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு, பல்பு ஹோல்டரில் ஒயர் கட்டி அந்த பல்பு வழியாகக் கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யுங்கள். மீட்டரில் வோல்ட் பூஜ்யம் என்று பார்த்த பிறகே கை வையுங்கள். பெட்டியின் சுவிட்ச் ஆனில் இருக்கட்டும். மல்டிமீட்டரை டயோடு டெஸ்டில் வைத்து, சிவப்பு முனையை மைனஸ் கிளிப்பிலும் கறுப்பு முனையை ப்ளக்கின் ஃபேஸ் பின்னிலும், அடுத்து நியூட்ரல் பின்னிலும் வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் எதிலும் ஒன்றும் காட்டாது. 0.5 வோல்ட் பக்கம் காட்டினால் உங்களிடம் இருப்பதும் அதே பெட்டி, இனி ப்ளக்கில் சொருக வேண்டாம்.