கடலோரத்தில் ஒரு பழைய ஸ்பிளெண்டர்: நான்கு ஆண்டு, 34,000 கிலோமீட்டர்

2021 ஆவணியில் இந்த வண்டியை வாங்கியபோது எனக்குப் பதினெட்டு முடிந்து இரண்டு மாதம். உச்சிப்புளிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஊர் எங்களுடையது. ராமநாதபுரத்துக் கல்லூரிக்கு ஒரு வழி இருபத்திரண்டு கிலோமீட்டர். காலை பஸ்ஸைத் தவறவிட்டால் முதல் இரண்டு வகுப்பு போனது போனதுதான். அம்மா கடற்பாசி எடுத்துச் சேர்த்திருந்த 30,000 ரூபாயை என் கையில் கொடுத்தார். அதே நிலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

வாங்கியது 2010-ஆம் ஆண்டு ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் பிளஸ், 97.2 சிசி. விலை 19,500. மீதிப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்ததுதான் நான் செய்த நல்ல காரியம். கையில் முப்பதாயிரம் இருந்தால் முப்பதாயிரத்துக்கு வண்டி பார்க்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு பழுது பார்க்கவே வேண்டும். "பின் டயர் இன்னும் ஒரு வருடம் ஓடும்" என்றார் விற்றவர். மாமா டயரின் பக்கவாட்டுத் தூசியை விரலால் துடைத்து நான்கு எண்களைக் காட்டினார்: 1413. அதாவது 2013-இன் பதினான்காவது வாரத்தில் செய்த டயர். எட்டு வருட வெயிலில் ரப்பர் இறுகி, பள்ளங்களுக்குள் மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தது. டயரின் மேலுள்ள பட்டன் கட்டைகள் தேயாமல் இருப்பதைப் பார்த்து நான் ஏமாந்திருப்பேன். இரண்டு டயரும் டியூபும் 3,200, செயின் செட் 1,100, பிரேக் ஷூவும் கேபிள்களும் 700, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் 1,250. இன்சூரன்சும் பெயர் மாற்றமும் போக மிச்சமிருந்தது இரண்டாயிரத்துக்குள்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். எங்கள் ஆர்.சி.யில் (பதிவுச் சான்று) பழைய கடன் அடைந்தும் கடன் கொடுத்தவரின் பெயர் நீங்கவில்லை. தடையில்லாச் சான்று வாங்க ஆறு வாரம் அலைந்தோம். பணம் கொடுப்பதற்கு முன்பே ஆர்.சி.யை வரி வரியாகப் படித்திருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

ஓட்டக் கற்றது எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) கைக்கு வந்த பிறகு, வறண்ட கண்மாய்க்குள். "கிளட்ச்சை விட்டுவிடாதே தாயி, மெல்ல நழுவவிடு" என்று மாமா பின்னாலேயே நடந்து வருவார். நான்கு கியரும் முன்னால் மிதித்தே விழுவதால் எனக்குக் குழப்பம் இல்லை. முதல் மூன்று நாள் ஆக்சிலேட்டரைத் தொடவே விடவில்லை. கிளட்ச்சை மட்டும் வைத்து வண்டியை நகர்த்தி நிறுத்தச் சொன்னார். பிறகு எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கும்போது கால் ஊன்றாமல் சுற்ற முடிந்தது அந்தப் பயிற்சியால்தான்.

இந்தக் கடற்கரையில் வண்டிக்கு முதல் பகை உப்பு. இது எந்தக் கம்பெனியின் குறையும் அல்ல. எந்த வண்டிக்கும் இதே கதிதான். ஆடி மாதத்தில் ஒரு இரவு வெளியில் நின்றால் காலையில் செயின் செந்தூரம் பூசியதுபோல் நிற்கும். பேட்டரி முனையில் பச்சைப் பொடி கட்டும். பிரேக் கேபிள் உள்ளுக்குள்ளேயே இறுகிவிடும். ஒருநாள் முன் பிரேக்கைப் பிடித்துக் கையை எடுத்த பிறகும் பிரேக் விடவில்லை. மூன்றாம் ஆண்டில் சைலன்சரின் அடிவயிறு ஓட்டையாகி, வெல்டிங் பட்டறையில் தகடு வைத்து ஒட்டினோம்.

வண்டியைக் கழுவினால் போதும் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். எதில் கழுவுவது? எங்கள் கிணறு உவர். அதில் கழுவினால் காய்ந்த பிறகு வெள்ளைப் படலம் முன்பைவிடக் கூடுதலாகத் தெரியும். நல்ல தண்ணீர் குடத்தில் வருவது, குடிக்கத்தான். நான் கண்டுகொண்ட வழி: அரை வாளி நல்ல தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, ஸ்போக்ஸ் கம்பி, ரிம், சைலன்சர், செயின் கவர் என்று வாரம் இருமுறை துடைப்பது. செயினுக்குச் சனிக்கிழமை இரவு 90 நம்பர் கியர் ஆயில், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் தடவ வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுத் தடவப் போனால் விரல் போய்விடும். துப்பட்டா போடுகிறவர்கள் இரு முனையையும் முதுகுப் பையின் பட்டைக்குள் செருகி முடிந்துகொள்ளுங்கள். ஒருமுறை என் துப்பட்டாவின் நுனி பின் சக்கரத்துக்கு நான்கு விரல் தூரத்தில் பறந்துகொண்டிருந்ததைப் பின்னால் வந்த அக்கா ஒருவர் கூவிச் சொன்னார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டாவது பகை காற்று. 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். ராமேஸ்வரம் போகும்போது வலப்பக்கம் தென்கடல், ஆனி ஆடியில் அங்கிருந்துதான் அடி. வண்டி தானாகவே இடதுபுறம் ஒதுங்கும். கையை இறுக்கிப் பிடித்து எதிர்த்தால் இன்னும் ஆடும். முழங்காலால் டேங்கை அணைத்து, கையைத் தளர்வாக வைத்து, நாற்பதில் போகப் பழகினேன். வேடிக்கை பார்க்க நிறுத்திய பஸ்களைக் கடக்கும்போது கவனம் வேண்டும்: பஸ்ஸின் மறைவில் காற்று சட்டென்று நிற்கும், அதைத் தாண்டிய நொடியில் மொத்தமாக வந்து மோதும். தனுஷ்கோடி தாண்டிய அரிச்சல்முனைச் சாலையில் இதோடு மணலும் சேரும். மணல் மேடிட்ட இடத்தில் முன் பிரேக்கைத் தொடாதீர்கள்.

சீமைக்கருவேல முள்ளுக்கு நான்கு ஆண்டில் ஒன்பது பஞ்சர். தேவிபட்டினம் தாண்டிக் கடையில்லாத இடத்தில் மூன்று கிலோமீட்டர் தள்ளிய பிறகு, ஒரு புது டியூப் எப்போதும் பையில் இருக்கிறது.

மைலேஜ் அறுபதை ஒட்டியே நிற்கிறது. எஞ்சின் இதுவரை திறக்கப்படவில்லை. குறைகளும் உண்டு. மெதுவாகப் போகும்போது விளக்கு மங்கிவிடும். ஆடு மாடு படுத்திருக்கும் எங்கள் சாலைகளில் இருட்டிய பின் நான் முடிந்தவரை எடுப்பதில்லை. மழையில் டிரம் பிரேக் முதல் மிதியில் பிடிக்காது. எதிர்காற்றில் அறுபதைத் தாண்டுவது வீண்.

பதினெட்டு ஆகாதவர்களுக்கு ஒன்று. பதினாறு வயதில் சட்டம் அனுமதிப்பது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டியை மட்டும். டிவிஎஸ் எக்ஸ்எல் 100 கியர் இல்லாதது என்றாலும் 99.7 சிசி. 2019 திருத்தத்தின்படி சிறார் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. பாசிக்காகக் கடலில் முங்கி எழும் அம்மாவை அந்த நிலையில் நிறுத்த என்னால் முடியாது.

பதினைந்து ஆண்டு முடிவதால் கார்த்திகைக்குள் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஸ்போக்ஸ் கம்பிகள் மாற்றியாகிவிட்டது, பின் ரிம் பாக்கி. பதினாறு வயதுத் தம்பி தினமும் சாவி கேட்கிறான். இப்போதைக்குச் சனிக்கிழமைச் செயின் வேலை அவனுடையது.