ஸகாப்பாவா, ஃப்ளோர் டி கான்யாவா: நான் ஏன் நிகராகுவா பக்கம் சாய்ந்தேன்

குவாத்தமாலாவின் ரோன் ஸகாப்பா 23, நிகராகுவாவின் ஃப்ளோர் டி கான்யா 12, இரண்டும் ரம். மூன்று மாதமாக இரண்டும் என் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டும் தீர்ந்த பிறகு நான் திரும்ப வாங்கியது இரண்டாவதை மட்டும்தான்.

இரண்டிலும் ஆல்கஹால் 40 சதவீதம். ஸகாப்பா பாட்டிலின் இடுப்பில் ஓலையில் பின்னிய பட்டை, அழகு. விலையும் அதற்குத்தான் கூடுதல்.

எண்ணைப் பார்த்து மட்டும் வாங்கிவிடாதீர்கள். ஸகாப்பாவின் 23 என்பது அதில் கலந்திருக்கும் மிக மூத்த ரம்மின் வயது. சொலேரா முறையில் பல வயது ரம்களைக் கலக்கிறார்கள், அதில் 6 வருடத்து ரம்மும் உண்டு. அதனால் 23-ஐ 12-க்கு இரண்டு மடங்கு என்று கணக்குப் போட முடியாது.

ஸகாப்பாவில் குறை சொல்ல முடியாத விஷயங்களும் இருக்கின்றன. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸில் செய்வதில்லை, முதல் பிழிவுக் கரும்புச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிய பாகில்தான் செய்கிறார்கள். பீப்பாய்கள் கெட்சால்தெனாங்கோ மலைப்பகுதியில், 2,300 மீட்டர் உயரக் குளிரில் கிடக்கின்றன. முன்பு பர்பன் விஸ்கியும் ஷெர்ரி ஒயினும் இருந்த பீப்பாய்களில் ரம் மாறி மாறி ஊறும். பல ஆண்டுகள் கலவைப் பொறுப்பிலிருந்த லோரேனா வாஸ்கெஸ் பிறந்ததே நிகராகுவாவில்தான்! மூக்கருகே கொண்டுபோனால் பேரீச்சம்பழம், உலர்திராட்சை, லேசாகத் தீய்ந்த வெல்லம். முதல் வாயில் யாருக்கும் பிடித்துவிடும்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது சர்க்கரை. ஸகாப்பாவில் இனிப்பு சேர்த்திருப்பதை அடர்த்திமானி வைத்து அளந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். இது ஒளித்துச் செய்யும் குற்றமல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் ரம்மில் லிட்டருக்கு 20 கிராம் வரை இனிப்பு சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது. ஃப்ளோர் டி கான்யா சர்க்கரை சேர்ப்பதில்லை என்று அந்த நிறுவனம் சொல்கிறது. யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், நானே செய்து பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு இரவு இரண்டு கோப்பைகளையும் அலம்பாமல் அப்படியே வைத்துவிட்டேன். காலையில் ஸகாப்பா கோப்பையின் அடியைத் தொட்டால் விரல் ஒட்டியது, பாகு வாசம் மட்டும்தான் மிச்சம். மற்றதில் அடி காய்ந்திருந்தது. முகர்ந்தால் மரம், வறுத்த கடலை, கொஞ்சம் புகையிலை, அதாவது பீப்பாய் அதற்குக் கொடுத்தது எதுவோ அது. பத்து வருடத்துக்கு மேல் மரத்தில் கிடந்த ஒன்றை வாங்கும்போது எனக்கு வேண்டியது அந்த மரம்தான், அதை இனிப்பு போர்த்தி மூடிவிட்டால் எதற்காகக் காசு கொடுத்தேன்?

இதில் ஆரம்பத்தில் நான் தவறிய இடம் ஒன்று உண்டு. ஸகாப்பாவை முதலில் குடித்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். தண்ணீர் மாதிரி, கசப்பாக இருந்தது. பாயசம் சாப்பிட்ட வாயில் காபி குடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. இன்னொரு நாள் வரிசையை மாற்றி, ஐஸ் போடாமல், வாய் குறுகிய கோப்பையில் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, அப்புறம் இரண்டு சொட்டுத் தண்ணீர் சேர்த்ததும்தான் நிகராகுவாக்காரன் வாயைத் திறந்தான்: ஆரஞ்சுத் தோல், வெண்ணிலா, முடிவில் நாக்கை உலர்த்தும் ஒரு துவர்ப்பு. அந்தத் துவர்ப்புக்காகவே அடுத்த வாய் தேடுகிறது. ஸகாப்பாவில் இரண்டாவது கோப்பை எனக்கு எப்போதும் திகட்டியது.

இவற்றின் மேல்தர வகைகளான ஃப்ளோர் டி கான்யா 18, ஸகாப்பா எக்ஸ்ஓ இரண்டையும் தலா ஒரு முறைதான் ருசித்திருக்கிறேன், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். சரி, ரம்மே குடித்துப் பழகாத நண்பருக்குப் பரிசு வாங்குகிறீர்கள் என்றால் ஸகாப்பாவையே எடுங்கள்.