சுங்கை சிப்புட்டில் ஒரு டெபிட் அட்டை: பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் யாருக்கு எட்டுகிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில் கிளை வைத்திருக்கும் ஒரு வங்கியின் டெபிட் அட்டையையும், அதனோடு இணைந்த கைப்பேசிச் செயலியையும், கிளையில் கிடைக்கும் சேவையையும் மோசடித் தடுப்பு என்னும் ஒரே கோணத்திலிருந்து இங்கே மதிப்பிடுகிறேன். வங்கியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எல்பில், ஹீவூட், டோவன்பி தோட்டங்களிலிருந்தும் லிந்தாங் சாலைக் குடியிருப்புகளிலிருந்தும் பட்டணத்துக்கு வருகிற ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளர்களும், செம்பனையில் வேலை செய்கிறவர்களும், ஈப்போவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் குடும்பம் நடத்துகிறவர்களும் இந்த அட்டையால் எவ்வளவு காக்கப்படுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

சம்பள நாளில் தோட்ட அலுவலகத்தின் முன் வரிசையில் நின்று, கிராணி என்னும் எழுத்தர் பெயர் கூப்பிட, கையெழுத்திட்டோ பெருவிரல் ரேகை வைத்தோ ரொக்கம் வாங்கிய காலத்தில், அந்தப் பணத்தைத் திருட நினைப்பவன் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கே வந்தாக வேண்டியிருந்தது. இன்று சம்பளம், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் ஓய்வூதியம், அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர். உதவித்தொகை ஆகிய அனைத்தும் நேராகக் கணக்கில் ஏறுகின்றன. பலருக்கு அக்கணக்கைத் திறக்கும் ஒரே வழி இந்த அட்டைதான். தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கலாம் என்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊர் இது. சேமிப்பதை இங்குள்ளவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. சேமித்ததைக் காப்பதில்தான் வங்கியின் துணை தேவைப்படுகிறது.

முதலில் அட்டை. அதன் அடிப்படை அமைப்பில் எனக்குக் குறையில்லை. காந்தப் பட்டையை நகலெடுத்துப் போலி அட்டை செய்யும் பழைய வித்தை, சில்லு பதித்த அட்டைகள் வந்த பிறகு உள்நாட்டு இயந்திரங்களில் பெரும்பாலும் பலிப்பதில்லை. கடைகளில் கையெழுத்துக்குப் பதிலாக ஆறு இலக்க இரகசிய எண்ணைப் பதியும் முறை 2017 ஜூலை 1 முதல் முழுமையாக நடப்புக்கு வந்தது. வெளிநாட்டுப் பரிவர்த்தனையும், அட்டையை நேரில் காட்டாமல் இணையத்தில் எண்ணை மட்டும் கொடுத்து வாங்குவதும், வாடிக்கையாளர் தாமாகக் கேட்டுத் திறந்தாலொழிய மூடியே இருக்க வேண்டும் என்பது நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதி. இவ்வங்கியும் புதிய அட்டையை அப்படித்தான் தருகிறது. இந்த அட்டையின் மிகச் சிறந்த அம்சம் இதுவே என்பேன். ஆனால் தீபாவளிக்குத் துணி வாங்குவதற்காக அம்மாவின் அட்டையில் இணையக் கொள்முதலைத் திறந்துவிடும் மகன், வாங்கி முடித்ததும் அதை மூடுவதில்லை. செயலியும் மூடச்சொல்லி நினைவூட்டுவதில்லை.

தொடாமல் செலுத்தும் வசதியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஒரு முறைக்கு 250 ரிங்கிட் வரை இரகசிய எண் கேட்கப்படாது. சந்தையில் பத்து ரிங்கிட்டுக்கு மீன் வாங்கும் ஒருவருக்கு இவ்வளவு உயர்ந்த வரம்பு தேவையே இல்லை. அட்டை கீழே விழுந்து வேறொருவர் கையில் கிடைத்தால், பெட்ரோல் நிலையத்திலும் மளிகைக் கடையிலும் அடுத்தடுத்துத் தட்டிக் கணிசமான தொகையைக் கரைத்துவிடலாம். இந்த வசதியை முற்றாக நிறுத்தவோ வரம்பைக் குறைக்கவோ வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. அட்டையைக் கையில் கொடுக்கும்போது அதைச் சொல்லும் வழக்கம்தான் கிளையில் இல்லை.

செயலிக்கு வருவோம். 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா எல்லா வங்கிகளுக்கும் சில கட்டாய நடவடிக்கைகளை அறிவித்தது: குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் குறியீட்டைக் கைவிட்டு வலுவான உறுதிப்படுத்தும் முறைக்கு மாறுதல், ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே கைப்பேசி, புதிய கைப்பேசியை முதன்முறை பதியும்போது காத்திருப்பு நேரம், சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனையை மடக்கும் விதிகளை இறுக்குதல், மோசடிக்கென்றே தனித் தொலைபேசி எண். இவ்வங்கியின் செயலியில் இவை அனைத்தும் இருக்கின்றன, ஒழுங்காக வேலையும் செய்கின்றன. கைப்பேசி மாற்றியவர்கள் காத்திருப்பு நேரத்தைத் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். மோசடிக்காரன் தன் கைப்பேசியில் இன்னொருவர் கணக்கைப் பதிய முயலும்போது அவனையும் அதே நேரம்தான் கட்டிப்போடுகிறது என்பதால், அந்த எரிச்சலைப் பொறுத்துக்கொள்வதே நல்லது.

செயலியில் எனக்குள்ள பெரிய குறை, இரண்டு வெவ்வேறு பொத்தான்கள் ஒன்றுபோலவே பெயரிடப்பட்டு இரண்டு வெவ்வேறு மூலைகளில் கிடப்பது. ஒன்று அட்டையை மட்டும் முடக்குகிறது. மற்றொன்று இணைய வங்கிச் சேவை முழுவதையும் நிறுத்துகிறது. அட்டை தொலைந்தால் முதலாவது போதும். ஆனால் கைப்பேசிக்குள் மோசடிச் செயலி புகுந்து, கடவுச்சொல் பிறர் கைக்குப் போய்விட்ட நிலையில் அட்டையை மட்டும் முடக்குவது, முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். பணம் அட்டை வழியாகப் போகாமல் இணையப் பரிமாற்றமாகப் போய்க்கொண்டே இருக்கும். பதற்றத்தில் இருப்பவர் இவ்வேறுபாட்டை மலாயிலோ ஆங்கிலத்திலோ படித்துப் பிரித்தறிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. முழுச் சேவையையும் நிறுத்தும் பொத்தானை முதல் பக்கத்திலேயே சிவப்பாக வைத்திருக்கலாம். நான்கு பட்டியல்களுக்கு உள்ளே வைத்திருக்கிறார்கள்.

திறன்பேசி இல்லாதவர்களுக்கு இதில் எதுவும் பயனில்லை. அவர்களுக்குக் கிளைதான் எல்லாம். கிளையைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். சம்பள வாரத்தில் வரிசை வாசல் வரை நீள்கிறது என்றாலும், முகப்பில் இருக்கும் தமிழ்ப் பெண் பொறுமைசாலி. புதிய அட்டை வாங்க வந்த முதியவர் ஒருவரிடம், "பாட்டி, இந்த நம்பர் உங்களுக்கு மட்டும்தான். பேரன் கேட்டாலும் சொல்லாதீங்க, பேங்க்ல இருந்து பேசறோம்னு நாங்களே கேட்டாலும் சொல்லாதீங்க" என்று அவர் சொன்னதை அருகிலிருந்து கேட்டேன். வங்கி அச்சிட்டுக் குவித்திருக்கும் துண்டறிக்கைகள் அனைத்தையும்விட அந்த இரண்டு வாக்கியங்கள் பயனுள்ளவை.

அந்தத் துண்டறிக்கைகளைப் பற்றிச் சொன்னால்தான் என் மதிப்பீட்டின் மையம் விளங்கும். காப்பிக் கடையில் மடிக்கணினியுடன் அமர்ந்திருக்கும் நகரத்து இளைஞரின் படத்தைப் போட்டு, பொது வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள் என்கிறார்கள். இங்கே அட்டை தொலைவதைவிட அட்டை அடகு போவதே பெரிய சங்கதி. பள்ளி திறக்கும் வேளையிலோ ஒரு சாவுச் செலவுக்கோ கைமாற்று வாங்குகிறவர், ஈடாகத் தம் அட்டையையும் இரகசிய எண்ணையும் வட்டிக்காரரிடம் கொடுத்துவிடுகிறார். சம்பளம் ஏறும் நாளில் வட்டிக்காரர் தாமே இயந்திரத்துக்குப் போய்த் தமக்குரியது என்று அவர் கருதுவதை எடுத்துக்கொண்டு மீதியைக் கையில் தருகிறார். மாதக் கடனுக்காக மளிகைக் கடையில் அட்டையை விட்டுவைக்கும் முதியவர்களும் உண்டு; கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம், அவரிடம் வேலை செய்யும் பையன் எப்படியோ? கொடுப்பவர் எவருக்கும் இது மோசடியாகத் தோன்றுவதில்லை. ஆறு மாதத்தில் தீர வேண்டிய கடன் மூன்று ஆண்டுகளாகத் தீராமல் இருக்கும்போதுதான் கணக்கைப் பார்க்கத் தோன்றுகிறது. பார்ப்பதற்கு அட்டை கையில் இருப்பதில்லை.

இயந்திரத்தைப் பொறுத்தவரை சரியான அட்டை, சரியான எண். சந்தேகப்பட அதற்குக் காரணமே இல்லை. சட்டமும் இவர்களுக்குச் சாதகமாக இல்லை. இரகசிய எண்ணைக் கொண்டு செய்யப்பட்ட அனுமதியற்ற பரிவர்த்தனைக்கு வாடிக்கையாளர் பொறுப்பாகமாட்டார் என்று பேங்க் நெகாராவின் விதி காப்பளிக்கிறது. ஆனால் அவர் ஏமாற்று வேலையில் ஈடுபட்டிருக்கக் கூடாது, இழப்பைக் கண்டதும் தாமதமின்றி வங்கிக்குத் தெரிவித்திருக்க வேண்டும், எண்ணைத் தாமாக எவருக்கும் சொல்லியிருக்கக் கூடாது, அட்டையின் மேலோ அதனோடு வைக்கும் காகிதத்திலோ எழுதியிருக்கக் கூடாது. கடைசி இரண்டும் தோட்டப்புறத்தில் அன்றாட வழக்கம். அட்டை உறைக்குள் எண்ணை எழுதிச் செருகி வைத்திருக்கும் பெரியவர்களை நம்மில் யார்தான் பார்த்ததில்லை?

இதற்கும் மேலாக, தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 424ஏ முதல் 424டி வரையிலான பிரிவுகள் 2024 அக்டோபர் 31 முதல் நடப்பில் உள்ளன. சட்டப்படியான காரணமின்றிப் பிறர் அட்டையைக் கைவசம் வைத்திருப்பதும், தன் கணக்கையோ அட்டையையோ பிறர் ஆளக் கொடுப்பதும் இவற்றின்படி குற்றமாகின்றன. மோசடிப் பணத்தைக் கடத்த இளைஞர்களிடம் சில நூறு ரிங்கிட்டுக்குக் கணக்கை வாடகைக்கு வாங்கும் கும்பல்களைக் குறிவைத்து வந்த சட்டம் இது. அடகு அட்டை பின்பு அந்தக் கும்பலிடம் கைமாறினால், போலீஸ் முதலில் தேடிவருவது கணக்கில் பெயர் உள்ளவரைத்தான். இவ்வளவு முக்கியமான செய்தி கிளையின் எந்தச் சுவரிலும் தமிழில் இல்லை. அடகு வைத்தவர் அடையாள அட்டையுடன் கிளைக்கு வந்தால் பழைய அட்டையை இரத்துச் செய்து, சிறு கட்டணத்தில் புதிய அட்டையும் புதிய எண்ணும் தருகிறார்கள். கடன் வேறு, கணக்கு வேறு என்று அவர்களிடம் எடுத்துச் சொல்லும் ஒரு வரியைத் துண்டறிக்கையில் சேர்க்க என்ன செலவாகிவிடும்?

அவசர எண் பற்றியும் ஒரு சொல். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் 997. பேங்க் நெகாரா, போலீஸ், தொடர்பு பல்லூடக ஆணையம், வங்கிகள் ஆகியவை அதில் இணைந்து செயல்படுகின்றன. போன பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும்போதே அதைத் தடம்பிடித்து முடக்குவதே அதன் வேலை. 2024இல் தேசிய மோசடித் தளம் வந்த பிறகு இத்தடம்பிடித்தல் தானியங்கியாக நடக்கிறது. ஆகவே முதலில் அழைக்க வேண்டும், போலீஸ் புகார் அதன்பின். எங்கள் குடியிருப்பில் மலிவு விலையில் வீடு சுத்தம் செய்து தருவதாக வாட்ஸ்அப்பில் வந்த செயலிக் கோப்பைப் பதிவிறக்கிப் பணத்தை இழந்த ஒருவர், மகன் வேலை முடிந்து வரட்டும் என்று மாலை வரை காத்திருந்தார். அதற்குள் பணம் எங்கெங்கோ போய்விட்டது. வங்கியின் சொந்த மோசடி எண்ணில் அவருக்கு ஆள் கிடைக்கவே நெடுநேரம் ஆனது, கிடைத்தவருக்குத் தமிழ் தெரியவில்லை. வங்கி இழப்பீட்டை மறுத்துக் கடிதம் அனுப்பியிருக்கிறது.

அத்தகைய கடிதத்தோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. 2025 ஜனவரி 1 முதல் செயல்படும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பாளர் சேவையிடம், வங்கியின் இறுதி முடிவு வந்த ஆறு மாதத்துக்குள் கட்டணமின்றி முறையிடலாம். வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகமான பி.ஐ.டி.எம். 250,000 ரிங்கிட் வரை காப்பளிக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். வங்கியே நொடித்துப்போனால்தான் அந்தக் காப்பு, மோசடிக்கு இல்லை.

ஆண்டுக்கு 8 ரிங்கிட் கட்டணத்துக்கு அட்டை தரமானது. செயலி திறமையானது, அமைப்பில் அலட்சியம் தெரிகிறது. தொலைபேசிச் சேவை மோசம். கிளை ஊழியர்கள் வங்கியைவிட நல்லவர்கள். வேறு வங்கிக்கு மாற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வேறு வங்கியின் இயந்திரத்தில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு ரிங்கிட் போகும் என்பதால், வீட்டுக்கு அருகில் இயந்திரம் வைத்திருக்கும் வங்கியே வசதி. அதற்குப் பதிலாகக் கணக்கை இரண்டாக்குங்கள். சம்பளமும் உதவித்தொகையும் ஏறும் கணக்கில் மட்டும் அட்டை இருக்கட்டும். அதன் நாள் வரம்பை முந்நூறு, நானூறு ரிங்கிட்டாகக் குறைத்து, தொடாமல் செலுத்தும் வசதியை நிறுத்திவிடுங்கள். ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணமும் நிலம் விற்ற பணமும் அட்டையோ இணைய வசதியோ இணைக்கப்படாத இன்னொரு கணக்கிலோ நிரந்தர வைப்பிலோ கிடக்கட்டும். அப்படி ஒரு கணக்கு உண்டென்று முகப்பில் தாமாகச் சொல்வதில்லை; கேட்டால் மறுக்காமல் திறந்து தருகிறார்கள், சம்பள வாரம் தவிர.