எச்சரிக்கை: பேத்தியை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து 50,000-ஐ வாங்கிக்கொண்டார்கள்

இன்று காலையும் அதே பதில்தான்: "கணக்குப் பிரிவுக்கு அனுப்பியாச்சு சார்." புதுக் காருக்கு முன்பணமாகக் கட்டிய 50,000 ரூபாய் இன்னும் திரும்பி வரவில்லை. ஷோரூம் பெயரைச் சொல்லப் போவதில்லை. புதுக் கார் மட்டுமே விற்கிற பெரிய ஷோரூம், குழந்தைகள் விளையாடத் தனி மூலைகூட உண்டு. பேரப்பிள்ளையோடு கார் பார்க்கப் போகிற தாத்தா பாட்டிகள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

ஏமாந்த இடம் இதுதான். விற்பனையாளர் மூன்று வயதுப் பேத்தியைத் தூக்கி ஓட்டுநர் இருக்கையில் வைத்தார். அவள் ஹார்னை அழுத்தி அழுத்திச் சிரித்தாள். பிறகு பின் இருக்கைக்குக் கூட்டிப்போய், மெத்தை இடுக்கில் அவள் விரலை விட்டு, "பாரு பாப்பா, உன் சீட்டு இந்தக் கம்பியிலதான் மாட்டும்" என்று, குழந்தை சீட்டைக் காரின் உடலோடு நேராக மாட்டுகிற ஐசோஃபிக்ஸ் கம்பியைத் தொட்டுப் பார்க்க வைத்தார். "நாங்க எடுக்கிற வேரியண்ட்லயும் இது உண்டா?" என்று கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணுதான் சார், சன்ரூஃப் மட்டும்தான் வராது" என்றார். அந்த வாய்வார்த்தையை நம்பித்தான் 50,000 கைமாறியது.

காட்டியது உச்ச வேரியண்ட், அதாவது அதே காரில் எல்லா வசதியும் உள்ள ரகம். வந்து நின்றது அதற்கு இரண்டு படி கீழே. பின் இருக்கையின் சாய்வும் மெத்தையும் சேருகிற இடத்தில், ஒரு சீட்டுக்கு இரண்டு கம்பிகள், 28 செ.மீ. இடைவெளியில் இருக்க வேண்டும். கைவிட்டுத் தடவினால் வெறும் பஞ்சு. இருக்கைக்குப் பின்னால் டாப் டெதர் கொக்கி மாட்டுகிற இடமும் இல்லை. டிக்கியில் சாமான் கட்டுகிற வளையத்தைக் காட்டி "இதுதான் சார் அது" என்றார்கள். அது டாப் டெதர் அல்ல. முன்பக்கம் மோதும்போது குழந்தையோடு சேர்ந்து சீட் முன்னால் கவிழாமல் இழுத்துப் பிடிப்பதற்கென்று பலம் கொடுத்துப் பொருத்துவது டாப் டெதர். சாமான் வளையத்துக்கு அந்தப் பலம் கிடையாது. ஐசோஃபிக்ஸ் இல்லாத காரில் சீட்டே வைக்க முடியாது என்று சொல்லவில்லை. பெல்ட்டால் கட்டுகிற சீட்டுகளும் ஒழுங்காகக் கட்டினால் பாதுகாப்பானவைதான். ஆனால் கட்டுவதில் தவறு நேர்வது அதிகம், கேட்டு வாங்கியதும் அது அல்ல.

டயரைக் குனிந்து பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. டயரின் பக்கச்சுவரில், எப்போது தயாரானது என்று சொல்கிற டாட் (DOT) குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3223 என்றால் 2023-ன் 32-வது வாரம். நான்கு டயரும் ஸ்டெப்னியும் ஒரு வருடத்துக்கு மேல் பழையவை. டயர் பழசானால் காரும் பழசு என்று உடனே முடிவு கட்ட முடியாது. ஆனால் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் இருந்த தயாரிப்பு மாதமும் அதையேதான் சொன்னது. மாதக்கணக்கில் யார்டில் நின்ற வண்டியின் பேட்டரி சார்ஜ் இறங்கி இறங்கி ஆயுளை இழக்கும், டயர் ஒரே இடத்தில் பாரம் தாங்கித் தட்டையாகும், பிரேக் டிஸ்க்கில் துரு ஏறும். மேல்துரு ஓட்டினால் போய்விடும், குழி விழுந்த துரு போகாது.

எடுக்க மாட்டோம், 50,000-ஐத் திருப்பிக் கொடுங்கள் என்றதும் முகம் மாறிவிட்டது. முதல் வாரம் "மேனேஜர் லீவு". அடுத்து "ஏழு வேலை நாள்". பிறகு அசல் ரசீது வேண்டும் என்றார்கள், கொடுத்ததும் காணோம் என்றார்கள். நல்லவேளை, போட்டோ இருந்தது. கடைசியில் ரசீதின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டி, "நீங்களா ரத்து செஞ்சா பணம் வராது" என்கிறார்கள். ரத்து செய்ய வைத்தது யார்? பேத்தியைப் "பாப்பா, பாப்பா" என்று கொஞ்சிய அதே ஆள் இப்போது போனையே எடுப்பதில்லை.

விவரமாகப் பட்டியல் போடத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

கார் பார்க்கப் போகும்போது குழந்தையின் சீட்டையும் கொண்டுபோய், வாங்கப் போகிற அதே வேரியண்ட்டில் மாட்டிப் பாருங்கள். மாட்டியபின் அடிப்பாகத்தைப் பிடித்து ஆட்டினால் 2.5 செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. கார்த் தரையில் ஊன்றுகிற முட்டுக்கால் உள்ள சீட் என்றால், அந்தக் கால் நிற்கிற இடத்தில் தரைக்கடியில் பொருள் வைக்கும் பெட்டி இருக்கிறதா பாருங்கள். மூடி அந்த அழுத்தத்தைத் தாங்காது.

வேரியண்ட்டின் முழுப் பெயர், தயாரிப்பு மாதம், ரத்தானால் பணம் எத்தனை நாளில் திரும்பும், மூன்றையும் முன்பண ரசீதிலேயே எழுதி முத்திரை வாங்குங்கள். பணம் நிறுவனத்தின் கணக்குக்கு மட்டும்.

மீதிப் பணத்துக்கும் பதிவுக்கும் முன்னால் பகல் வெளிச்சத்தில் வண்டியைப் பாருங்கள். எழுத்தும் இலக்கமுமாக 17 குறிகள் கொண்ட சேஸிஸ் எண் வண்டியிலும் பில்லிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பதிவான பின் குறை சொன்னால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

கையெழுத்துப் போடுகிற நாளில் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.