துபாயில் ஒரு மாலைதான் இருக்கிறதா? புர்ஜ் கலீஃபாவா, பழைய துபாயா?

செலவு
புர்ஜ் கலீஃபா: 124-வது மாடிக்குப் போக டிக்கெட் விலை அதிகம். சூரியன் மறையும் நேரம் என்றால் இன்னும் கூடும்.
பழைய துபாய்: ஊருக்குள் நுழையும் கடற்கழியான க்ரீக்கைக் கடக்க அப்ரா படகுக்கு 1 திர்ஹம்.

வெயில்
புர்ஜ் கலீஃபா: மெட்ரோவிலிருந்து கோபுரத்தை ஒட்டிய துபாய் மால் வரை ஏசி நடைபாதை.
பழைய துபாய்: அல் ஃபஹிதி என்ற பழைய குடியிருப்பின் சந்துகளில் நடக்க நவம்பர் முதல் மார்ச் வரைதான் சுகம்.

பார்க்க
828 மீட்டர் கோபுரம் அண்ணாந்து பார்க்கும்போதே பிரமிக்க வைக்கும். ஆனால் என் மனம் க்ரீக் பக்கம்தான். அப்ராவின் பலகையில், வேலை முடிந்து திரும்பும் தொழிலாளிகளோடு தோள் உரச உட்கார வேண்டும். க்ரீக்கின் தேரா பக்கக் கரையில் மரக்கலங்கள் நிற்கும். பக்கத்திலேயே டயர்களும் ஃப்ரிட்ஜ் பெட்டிகளும் ஏற்றக் காத்திருக்கும். எண்ணெய் கிடைத்தது 1966-ல்தான். அதற்கு முன்பே முத்தும் இந்தக் கடல் வணிகமும்தான் ஊருக்குச் சோறு போட்டன.

வயதானவர்கள், குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், கோடையில் போகிறவர்களுக்கும் புர்ஜ் கலீஃபா சரி. நடக்கத் தெம்பும் ஊரை அறியும் ஆசையும் இருந்தால், யோசிக்காமல் படகேறுங்கள்.