பித்தளை வார்ப்பா, எவர்சில்வர் பட்டையா?

மோரிஸ் மைனர் கார் தயாரிப்பு 1970களிலேயே நின்றுவிட்டது. என் காடி இன்னும் பினாங்கில் ஓடுகிறது. அதன் சின்னம், பட்டை மாதிரியான மினுக்குச் சாமான்தான் கிடைப்பதில்லை. செய்யக் கொடுத்தால் இரண்டு வழி: பித்தளையில் வார்த்து குரோம் பூசலாம், இல்லையேல் எவர்சில்வர் தகட்டை வளைக்கலாம்.

எழுத்துள்ள சின்னத்துக்கு வார்ப்புதான். காடியின் துளையில் மாட்டும் பின்பக்கக் கால்களும் சேர்ந்தே வந்துவிடும். ஆனால் பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு பங்கு சுருங்கும். பழைய சின்னத்தையே அச்சுக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். 10 செ.மீ. சின்னம் ஒன்றரை மில்லிமீட்டர் குட்டை. கால்கள் துளையில் இறங்கவில்லை.

"ஓட்டைய அரத்தால ராவி பெருசாக்கு தம்பி" என்றார் பட்டறை அண்ணன். என் காடியையா! சுருக்கத்துக்கு இடம்விட்டு மாதிரியைப் பெரிதாகச் செய்த பிறகே பொருந்தியது.

நீளப் பட்டைக்கு வார்ப்பு வேண்டவே வேண்டாம், 60 செ.மீ.க்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் போய்விடும். எவர்சில்வர் தட்டத் தட்ட இறுகும், அதனால் கூலி கூடுதல். ஆனாலும் பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகர உப்புக்காற்றில், குரோமின் நுண்துளை வழியே பச்சை பூக்கும் பித்தளையைத் துடைத்தே அலுத்தவன் நான். எவர்சில்வருக்குப் பூச்சே கிடையாது. கீறினால் மெருகேற்றும் பஃப் சக்கரத்தில் ஒரு பிடி.